‘இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு: உளவியல் சிகிச்சை நூல்களை வாசிக்கத் தொடங்குவது எப்படி

வீட்டில் ஒரு சாவு நடந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தங்கள் கிளம்பிப் போன பிறகு சிலருக்கு ஒரு கேள்வி வரும். ஆட்குறைப்பில் வேலை போனவருக்கும் அது வரும். இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்து, அடுத்து என்ன என்று நிற்கும் இளைஞருக்கும் வரும். பிள்ளைகள் கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு, நான்கறை வீட்டில் இரண்டே பேராகச் சாப்பிட உட்காரும் தம்பதிக்கும் வரும். இதெல்லாம் எதுக்கு?

இந்தக் கேள்வியோடு புத்தகக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வெற்றிக்கு வழி சொல்லும் அலமாரி. அதிகாலையில் எழுவது, பழக்கங்களை மாற்றுவது, பயத்தை விரட்டுவது. அவற்றால் பலன் கிடைத்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த அலமாரியில் பதில் இல்லை. இன்னொரு அலமாரி இருக்கிறது. பல ஆண்டுகள் ஓர் அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் துயரத்தைக் கேட்ட சிகிச்சையாளர்கள், அங்கே கேட்டதையும் தங்களுக்குள் நடந்ததையும் எழுதிய புத்தகங்கள் அவை. உளவியலுக்கும் தத்துவத்துக்கும் நடுவில் இருப்பவை. அந்த அலமாரிக்குப் புதிதாக வருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் புத்தகம் புகழ்பெற்றது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். உங்களை அழுத்தும் கேள்வி எது என்று பார்த்து, அதிலிருந்து புத்தகத்துக்குப் போங்கள். தலைகீழாகப் போனவர்கள் பலர் ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டு, ‘தத்துவம் நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் படி: உங்கள் கேள்வி எது?

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர், 1980இல் ‘எக்ஸிஸ்டென்ஷியல் சைக்கோதெரபி’ என்ற பெரிய நூலை எழுதினார். மனிதர்களின் ஆழமான கலக்கங்களுக்குப் பின்னால் நான்கு விஷயங்கள் இருக்கின்றன என்றார் அவர். சாவு, சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. அந்த நூலை இப்போது தொட வேண்டாம். இந்த நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சாவு பற்றி விளக்கத் தேவையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அது வேறு வேடத்தில் வரும் என்பதுதான். நாற்பத்தைந்து வயதில் திடீரென்று வேலையையும் உறவையும் தூக்கிப் போட நினைப்பது, ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனைக்கு முன்பும் இரண்டு வாரம் தூங்காமல் இருப்பது, பிறந்தநாள் வந்தாலே எரிச்சலாவது. இவற்றுக்கு அடியில் சாவு பற்றிய பயம் ஒளிந்திருக்கலாம்.

சுதந்திரம் எப்படிப் பிரச்சினையாகும் என்று பலரும் கேட்பார்கள். நம் வாழ்க்கைக்கு நாமே பொறுப்பு, நமக்காக முடிவெடுக்க மேலே யாரும் இல்லை என்பதைத்தான் யாலோம் சுதந்திரம் என்கிறார். அப்பா சொன்னார் என்று பொறியியல் படித்து, எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள் என்று அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்து, வீடு கிடைத்தது என்று கல்யாணம் செய்துகொண்டு, முப்பத்தைந்து வயதில் ‘நான் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லையே’ என்று விழிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்காமல் இருந்ததும் அவர் செய்த தேர்வுதான் என்று இந்த நூல்கள் சொல்லும். அதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். எல்லாம் தெளிவாக வகுத்துத் தரப்பட்டிருக்கும் இந்த ஊரில், நான்கில் அதிகம் பேரைத் தொடுவது இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தனிமையில் யாலோம் மூன்று வகை பிரிக்கிறார். பேச ஆளில்லாத தனிமை ஒன்று. தன் உணர்வுகளிலிருந்தே தான் விலகி நிற்பது இன்னொன்று. மூன்றாவது, எவ்வளவு நெருக்கமானவர் பக்கத்தில் இருந்தாலும் நம் வலியை நாம் மட்டுமே அனுபவிக்க வேண்டும், நம் சாவை நாம் மட்டுமே சாக வேண்டும் என்ற தனிமை. முதல் வகைக்கு நண்பர்கள் மருந்து. மூன்றாவதற்கு மருந்தே கிடையாது, அதை ஏற்றுக்கொண்டு மற்றவர்களிடம் போகத்தான் முடியும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உழைப்பவருக்கு முதல் வகை நன்றாகத் தெரியும். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் தெரிந்திருக்கலாம்.

அர்த்தமின்மை என்பதுதான் ‘எதுக்கு?’ என்று தொடங்கும் எல்லாம்.

ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, கடந்த ஆறு மாதத்தில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த விஷயங்களை ஒவ்வொன்றின் கீழும் எழுதிப் பாருங்கள். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்தால் பரவாயில்லை. எந்தப் பக்கம் நிரம்புகிறதோ அங்கிருந்து வாசிப்பைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: முதல் புத்தகம்

கோட்பாட்டிலிருந்து தொடங்காதீர்கள், கதையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உங்கள் தாளில் அர்த்தமின்மையோ இழப்போ நிரம்பியிருந்தால் விக்டர் பிராங்கலின் ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’. தமிழ் மொழிபெயர்ப்பும் வந்திருக்கிறது. பிராங்கல் 1905இல் வியன்னாவில் பிறந்த யூத மருத்துவர். நாஜிகளின் வதைமுகாம்களில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தார், அவற்றில் ஆஷ்விட்ஸும் ஒன்று. அப்பா, அம்மா, சகோதரர் என்று குடும்பத்தில் பெரும்பாலோரை இழந்தார். மனைவி டில்லியும் முகாமில் இறந்துபோனார். விடுதலையான பிறகு 1945இல் ஒன்பது நாட்களில் சொல்லிச் சொல்லி எழுதவைத்த நூல் இது. 1946இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

நூலின் பிந்திய பதிப்பு ஒன்றின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். போர் தீவிரமாகிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. போனால் அவர் உயிர் பிழைக்கும், அவருடைய ஆராய்ச்சியும் பிழைக்கும். ஆனால் வயதான பெற்றோர் வியன்னாவில் மாட்டிக்கொள்வார்கள். முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்கு வந்தால், மேசை மேல் ஒரு பளிங்குத் துண்டு. நாஜிகள் இடித்த யூத ஆலயத்தின் இடிபாடுகளிலிருந்து அப்பா எடுத்து வந்தது. பத்துக் கட்டளைகளில் ஒன்றைக் குறிக்கும் ஓர் எழுத்து அதில் இருந்தது. எந்தக் கட்டளை என்று கேட்டார். தாய் தந்தையரைப் போற்று என்ற கட்டளை என்றார் அப்பா. பிராங்கல் விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார். ஊரில் வயதான அப்பா அம்மாவை வைத்துவிட்டு இங்கே நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று தவிக்கும் யாருக்கும் இந்த ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுப்பேன். போ என்றோ இரு என்றோ அது சொல்லாது. முடிவெடுப்பது எவ்வளவு கனமானது என்பதை மதிக்கும்.

நூலின் முதல் பகுதி முகாம் அனுபவம், இரண்டாம் பகுதி, வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவதை மையமாகக் கொண்ட அவருடைய லோகோதெரபி என்ற சிகிச்சை முறையின் சுருக்கம். முதல் பகுதியை முதலில் முழுதாக முடியுங்கள். இரண்டாம் பகுதியில் ஒரு வயதான மருத்துவர் வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்த மனைவியின் துக்கத்திலிருந்து அவரால் மீள முடியவில்லை. ‘நீங்கள் முதலில் போயிருந்தால் உங்கள் மனைவிக்கு என்ன ஆகியிருக்கும்?’ என்று பிராங்கல் கேட்கிறார். அவள் தாங்கியிருக்க மாட்டாள் என்கிறார் அவர். அந்தத் துயரத்திலிருந்து அவளை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதற்கான விலையை நீங்கள் இப்போது கொடுக்கிறீர்கள் என்கிறார் பிராங்கல். அந்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் கைகுலுக்கிவிட்டுப் போகிறார்.

இதைப் படித்தவுடன் துக்கத்தில் இருக்கும் எல்லோரிடமும் இதையே சொல்லிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பிராங்கல் அந்த மனிதரிடம் முதலில் கேள்விதான் கேட்டார், பதிலை அவரே கண்டுபிடித்தார். துன்பத்துக்கு அர்த்தம் தேடும் உரிமை அந்தத் துன்பத்தைச் சுமப்பவருக்கு மட்டுமே உண்டு. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று வெளியிலிருந்து சொல்வதற்கு இந்தப் புத்தகத்தைச் சாட்சிக்கு இழுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும்.

உங்கள் தாளில் சாவோ தனிமையோ சுதந்திரமோ நிரம்பியிருந்தால் யாலோமின் ‘லவ்ஸ் எக்ஸிக்யூஷனர்’. 1989இல் வந்தது. அவரிடம் சிகிச்சைக்கு வந்த பத்துப் பேரின் கதைகள், அடையாளங்களை மாற்றி எழுதியவை. முதல் கதையில் தெல்மா என்ற எழுபது வயதுப் பெண் வருகிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தனக்குச் சிகிச்சை அளித்த இளம் சிகிச்சையாளர் மீது கொண்ட காதலை அவரால் இன்னும் விட முடியவில்லை. கதை போகப் போக, அந்தக் காதல் அவரை எதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி மெல்ல எழும்.

இந்த நூலின் பலம், மருத்துவர் தன்னை ஒளிக்காததுதான். உடல் பருத்த ஒரு பெண் வரும்போது, பருத்த பெண்கள் மீது தனக்குள்ள அருவருப்பை அவர் அப்படியே எழுதிவிடுகிறார். இன்று படிக்கும்போது முகம் சுளிக்க வைக்கும் வரிகள் அதில் இருக்கின்றன. சிலருக்குக் கோபமே வரும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சிகிச்சையாளர் தன் பழைய அனுபவங்களின் வழியாகத்தான் பார்க்கிறார், அதைக் கவனித்துச் சரிசெய்துகொள்வதும் அவருடைய வேலை என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் எழுத்து குறைவு. கோபம் வந்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்தக் கதை முடியும்போது கோபம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: எங்கே கிடைக்கும்

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போங்கள். அடித்தளத்தில் மத்தியப் பொது நூலகம், புத்தகங்களை இரவல் எடுக்கலாம். மேல்மாடிகளில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம், அங்கேயே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். உறுப்பினராக இல்லாதவரும் உள்ளே போய் நாள் முழுக்க வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் ஊழியர்களுக்கு இது பெரிய வசதி, குளிர்சாதனத்தோடு.

அலமாரி எண்களைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். உளவியல் சிகிச்சை நூல்கள் 616.89இல் இருக்கும். சாவு, துக்கம் பற்றியவை 155.937. மனித இருப்பு, சுதந்திரம், அர்த்தம் பற்றிக் கேட்கும் இருத்தலியத் தத்துவம் 142.78. வெற்றிக்கு வழி சொல்லும் நூல்கள் பெரும்பாலும் 158இல் இருக்கும், நீங்கள் தேடுவதும் சில நேரம் அங்கே கலந்திருக்கும். யாலோமின் நாவல்கள் புனைவுப் பகுதியில், ஆசிரியர் பெயர் வரிசையில். பீடோக், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று உங்கள் வட்டார நூலகத்தில் இல்லையென்றால் நூலகச் செயலியில் முன்பதிவு செய்து அருகிலுள்ள கிளைக்கு வரவழைக்கலாம். மின்னூலாக வேண்டுமென்றால் லிபி செயலி.

சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் நூலகத்துக்கு எதிரே உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றலாம். பிராங்கலின் நூல் அடிக்கடி பழைய பிரதியாகக் கிடைக்கும் வகை. புதிதாக வேண்டுமென்றால் ஆர்ச்சர்டில் நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியா. தமிழ் நூல்களுக்கு, நூலகத்தின் தமிழ்ப் பகுதிதான் என் முதல் தேர்வு. தேடும்போது தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

நான்காம் படி: வாசிக்கும் விதம்

ஓர் அமர்வில் ஒரு கதை, அதற்கு மேல் வேண்டாம். எம்ஆர்டியில் பூன் லேயிலிருந்து பாசிர் ரிஸ் போகும் நேரத்தில் இரண்டு கதை முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கதைகள் முடிந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். படித்து முடித்துவிட்டு ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

ஆங்கிலம் தடுமாற்றமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கதையை மெதுவாகப் படித்துவிட்டு, அதை வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லுங்கள். ‘ஒரு பாட்டி இருந்தாங்களாம், எட்டு வருஷமா ஒருத்தரையே நினைச்சிக்கிட்டு’ என்று தொடங்கினால் போதும். நம் வாயால் சொல்லும்போது, எந்த இடம் நமக்குப் புரியவில்லை, எந்த இடத்தைச் சொல்லத் தயங்குகிறோம் என்பது இரண்டும் தெரிந்துவிடும். தயங்கும் இடம்தான் முக்கியம்.

இன்னொன்று. இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது மாமியாருக்கு என்ன பிரச்சினை, மேலதிகாரிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் ஆசை வரும். அது உங்கள் தாளிலிருந்து உங்களைத் தப்பிக்க வைக்கும் வழி. ஒவ்வொரு கதைக்குப் பிறகும், ‘சிகிச்சைக்கு வந்தவர் எதைப் பார்க்க மறுத்தார்? நான் எதைப் பார்க்க மறுக்கிறேன்?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதி, இரண்டு மூன்று வரியில் பதில் எழுதுங்கள்.

எப்போது புத்தகத்தை மூட வேண்டும்

இதற்குப் படி எண் கொடுக்கவில்லை, எந்தப் படியிலும் தேவைப்படலாம் என்பதால். புத்தகம் சிகிச்சை ஆகாது. வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, படித்த பிறகு மனம் இன்னும் இருண்டுபோகிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஓர் ஆளிடம் பேசுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767 என்ற எண்ணில் இரவும் பகலும் கேட்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. பலதுறை மருந்தகத்தில் உங்கள் வழக்கமான மருத்துவரிடமே சொல்லியும் தொடங்கலாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரியிலிருந்து இங்கே குற்றமல்ல. போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் இருக்காதீர்கள்.

மனநலக் கழகம் என்றதும் மூத்தவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். 1928இல் இயோ சூ காங் பகுதியில் தொடங்கிய மருத்துவமனை அது. 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் மாறியது, 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறியது. உட்பிரிட்ஜ் என்ற பெயரைக் கிண்டலுக்கும் வசவுக்கும் பயன்படுத்தியே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. இந்த நூல்களைப் படிப்பதில் எனக்குப் பிடித்த ஒரு பலன், அந்தக் கூச்சம் கரைவது. சிகிச்சைக்குப் போகிறவர் நம்மைப் போன்றவர்தான் என்பது கதை கதையாகப் படிக்கும்போது தானாகவே பதிந்துவிடும்.

ஐந்தாம் படி: தமிழில் இருப்பவை

இந்தக் கேள்விகளெல்லாம் மேற்கிலிருந்து வந்தவை என்று யாராவது சொன்னால், திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு.’ நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை உலகத்தின் பெருமை என்கிறார் வள்ளுவர். அந்த ஒரு சொல்லோடு ஒரு மாலை நேரத்தைச் செலவழிக்கலாம்.

நவீன எழுத்தில் முதலில் சொல்ல வேண்டியது சம்பத்தின் ‘இடைவெளி’. 1984இல் வெளிவந்த சின்ன நாவல். தினகரன் என்ற சாதாரணக் குடும்பஸ்தன், சாவு என்றால் என்ன என்ற கேள்வியை விடாமல் துரத்துகிறான். கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. வீடு, வேலை, குழந்தைகள், அவற்றுக்கு நடுவே அந்தக் கேள்வி. யாலோம் கோட்பாடாகச் சொன்னதைச் சென்னையின் ஒரு நடுத்தர வீட்டில் வைத்துப் பார்க்கும்போது அது வேறு விதமாகச் சுடும். புதியவர்களுக்குக் கடினமாக இருக்கலாம், ஆனால் நீளம் குறைவு. திரும்பப் படிக்க முடியும்.

கோபி கிருஷ்ணனை அதிகம் பேருக்குத் தெரியாது என்பது வருத்தம். மனநலத் துறையில் பணியாற்றிய அனுபவம் உள்ள எழுத்தாளர், 2003இல் காலமானார். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ மனநல மருத்துவமனைக்குள் இருப்பவர்களின் குரல்களைக் கொண்டு எழுதப்பட்டது. யாரையும் பரிதாபப்படுத்தாமல், யாரையும் விநோதப் பிராணியாக்காமல் எழுதியிருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்படி உணர்கிறார் என்று தெரிந்துகொள்ள யாலோமோடு சேர்த்து இதையும் படியுங்கள்.

மொழிபெயர்ப்புகளில் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவல். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தது. இருத்தலியம் என்றதும் எல்லோரும் முதலில் கையில் கொடுக்கும் நூல் இது, ஆனால் நான் இரண்டாவதாகத்தான் கொடுப்பேன். முதலில் டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. 1886இல் வந்த குறுநாவல். யாலோம் தன் நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசும் கதையும் இதுதான்.

இவான் இலியிச் நல்ல பதவியில் இருக்கும் நீதிபதி. புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டும்போது விழுந்து விலாவில் அடிபடுகிறான். அந்த வலி வளர்ந்துகொண்டே போகிறது. மருத்துவர்களும் மனைவியும் நண்பர்களும் ‘சரியாகிவிடும்’ என்றே பேசுகிறார்கள். மனிதர்கள் எல்லோரும் சாவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவனுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது பொதுவான மனிதர்களைப் பற்றியது, அம்மாவுக்குச் செல்லப் பிள்ளையாக இருந்த தன்னைப் பற்றியது அல்ல என்றே இதுவரை நினைத்திருந்தான். அந்த வீட்டில் ஒரே ஒருவன் மட்டும் பொய் சொல்வதில்லை. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன். இவானின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், இந்தச் சிரமம் எனக்கு என்ன பெரிது என்கிறான்.

சாவு பயத்தைப் பற்றி ஒரே ஒரு நூல்தான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பேசுவது என்று தெரியாமல் வானிலையும் பார்க்கிங் கட்டணமும் பேசிவிட்டு வந்திருக்கிறீர்களா? அப்படியானால் கெராசிம் வரும் பக்கங்களை இரண்டு முறை படியுங்கள்.

நம் ஊர் எழுத்தில் லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ என்ற சிறுகதைத் தொகுப்பு 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. இங்கே வாழும் பெண்களின் உள்மனதை அறிய நல்ல தொடக்கம்.

ஆறாம் படி: கோட்பாடு, இப்போது

இரண்டு மூன்று கதை நூல்கள் முடிந்த பிறகு, நேராகப் பெரிய நூலுக்குத் தாவ வேண்டாம். நடுவில் ‘வென் நீட்சே வெப்ட்’ படியுங்கள். 1992இல் யாலோம் எழுதிய நாவல். 1882 வியன்னா. மருத்துவர் ஜோசஃப் பிராயரிடம் தத்துவவாதி நீட்சேயைக் கொண்டுவந்து சேர்க்கிறார் நீட்சேயின் தோழியாக இருந்த லூ சலோமே. உண்மையில் பிராயரும் நீட்சேயும் சந்தித்ததே இல்லை. ஆனால் பிராயர் சிகிச்சை அளித்த ஒரு பெண்தான் அந்த முறைக்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்தவர், அது வரலாறு. யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் போகும் அந்த உரையாடல்களில் தத்துவம் வலிக்காமல் உள்ளே போகும்.

அதன் பிறகு ‘தி கிஃப்ட் ஆஃப் தெரபி’, 2002. குட்டிக் குட்டி அத்தியாயங்கள். இளம் சிகிச்சையாளர்களுக்காக எழுதியது என்றாலும், ஆலோசகரிடம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அறைக்குள் என்ன நடக்கும், என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும். இதற்கப்புறம்தான் அந்த 1980ஆம் ஆண்டு நூல். ஐநூறு பக்கத்துக்குப் பயப்படாதீர்கள். உங்கள் தாளில் நிரம்பிய பகுதியை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.

பதற்றம்தான் உங்கள் பிரச்சினை என்றால் அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே எழுதிய ‘தி மீனிங் ஆஃப் ஆங்சைட்டி’, 1950. காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் அவர் மனதில் உருவான நூல். தத்துவவாதி கீர்க்ககோர் 1844இல் பதற்றத்தைப் பற்றி எழுதியதை அங்கேதான் அவர் ஆழமாக வாசித்தார். சாவை நாம் எப்படி மறுக்கிறோம் என்று பேசும், மானுடவியலாளர் எர்னஸ்ட் பெக்கரின் ‘தி டினையல் ஆஃப் டெத்’ 1973இல் வந்தது. மறு ஆண்டு அவர் இறந்த இரண்டு மாதத்தில் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மிக நல்ல நூல், ஆனால் ஃபிராய்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியாமல் நுழைந்தால் மூச்சு முட்டும். தள்ளி வையுங்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் பெரிய தத்துவ நூல்களை இன்னும் தள்ளி வையுங்கள்.

ஏழாம் படி: சேர்ந்து வாசிப்பது

இந்த வகை நூல்களுக்கு மூன்று நான்கு பேர் கொண்ட சின்னக் குழு போதும். இங்கே வாசகர் வட்டம் என்ற பெயரில் நெடுங்காலமாகத் தமிழ் வாசிப்புக் குழு இருக்கிறது, நூலகங்களிலும் வாசிப்பு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே போய் அறிமுகமாகி, ஒத்த மனமுள்ள இருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில், மாதம் ஒரு கதை.

தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒருவர் தன் கதையைச் சொன்னால் மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. இரண்டாவதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். ‘அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க’ என்று யாராவது ஆரம்பித்தால், புத்தகத்துக்குத் திரும்புங்கள், அங்கே சிகிச்சையாளர் அந்த இடத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் பேசாமல் காத்திருந்திருப்பார்.

கடைசிக்கு ஒரு நூல்

‘எ மேட்டர் ஆஃப் டெத் அண்ட் லைஃப்’, 2021. யாலோமும் அவர் மனைவி மரிலினும் மாறி மாறி எழுதியது. மரிலினுக்குப் புற்றுநோய். ஓர் அத்தியாயம் அவர், ஓர் அத்தியாயம் இவர் என்று எழுதிக்கொண்டே வருகிறார்கள். 2019 நவம்பரில் மரிலின் இறந்துபோகிறார். அதற்குப் பிறகு வரும் அத்தியாயங்கள் எல்லாம் யாலோம் தனியாக எழுதியவை. சாவு பயத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர், மனைவி இல்லாத வீட்டில் தன் பழைய நூல்களையே எடுத்துப் படித்துப் பார்க்கிறார். சில இடங்களில் அவை உதவுகின்றன, சில இடங்களில் உதவவில்லை. இரண்டையும் எழுதிவிடுகிறார்.

மரிலின் கலிஃபோர்னியாவின் சட்டப்படி மருத்துவர் உதவியோடு உயிரை விட்டார். சிங்கப்பூரில் அதற்கு அனுமதி இல்லை. அதனால் அந்தப் பகுதியை நம் சூழலில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் அந்தத் தம்பதி செய்த இன்னொரு காரியத்தை நாமும் செய்யலாம். எனக்கு எது முக்கியம், எந்த நிலைக்கு மேல் சிகிச்சை வேண்டாம், நான் பேச முடியாமல் போனால் எனக்காக யார் பேச வேண்டும் என்பதை வாய்விட்டுப் பேசுவது. இங்கே அதற்கு முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்ற ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து குடும்பத்தோடு பேசி, விருப்பங்களைப் பதிவு செய்து தருவார்கள். நோயாளியாக இருக்க வேண்டியதில்லை, வயதாகியிருக்கவும் வேண்டியதில்லை.

இந்த நூலை முடித்த பிறகு வரும் முதல் சனிக்கிழமையே அப்பாவையோ அம்மாவையோ, இல்லை வாழ்க்கைத் துணையையோ கூப்பிட்டு உட்கார வையுங்கள். ‘ஒரு புத்தகம் படிச்சேன்’ என்று தொடங்கினால் பேச்சு சுலபமாக வரும். அவர்கள் ‘இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?’ என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இவான் இலியிச்சின் கதையைச் சொல்லுங்கள்.